பந்தல் பிரித்த தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி: ஒயின்காரர்கள் கதை

செம்மேட்டான்:

போன மாதம் தங்கச்சி வீட்டுக்கு நாசிக் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்திருக்க விடாமல் மாப்பிள்ளை சூலா ஒயின் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். ஆளுக்கொரு கிளாஸைக் கையில் கொடுத்து, கூட்டமாகச் சுற்றிக் காட்டிக் கதை சொன்னார்கள். அதை ஆரம்பித்த ராஜீவ் சாமந்த் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்து, ஆரக்கிள் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, குடும்ப நிலத்தில் மாம்பழமெல்லாம் போட்டுப் பார்த்து, அப்புறம் 1997-இல் ஒயின் திராட்சை நட்டிருக்கிறார். 2000-இல் முதல் பாட்டில். அம்மா பெயர் சுலபா, அதிலிருந்து வந்ததுதான் சூலா.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அங்கே நின்றபோது எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா ஞாபகம்தான்.

கோவைக்கு மேற்கே நரசீபுரம் பக்கம் அவருக்கு இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். உச்சிவெயிலிலும் உள்ளே வெளிச்சம் பச்சையாகத்தான் விழும். மருந்தடிக்கிற நாளில் அவர் வேட்டி, கை, காது மடல் எல்லாம் நீலம். மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பை ஒரு தொட்டியில், சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து ஒன்றாக ஊற்றுவார். பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய கத்தி ஒன்றைக் கலவைக்குள் கொஞ்ச நேரம் முக்கி வைத்து எடுப்பார். இரும்பில் செம்பு நிறம் ஏறியிருந்தால், "இன்னொரு கை சுண்ணாம்பு போடு சாமி" என்பார். எனக்கு ஏழெட்டு வயது. வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

இப்போது அந்தத் தூண்களில் பாகல் கொடி ஓடுகிறது.

கேள்விக்கு வருகிறேன். பாட்டிலில் ஒட்டுகிற குடும்பக் கதைகளில் எவ்வளவு நிசம்? தோட்டம் வைத்து ஒயின் போட்டவர்கள் வாழ்க்கை யாருடையதாவது உங்களுக்குத் தெரியுமா? ருசி, வாசம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆள் கதை வேண்டும்.

கணக்குப்பிள்ளை_63:

கதை எல்லாம் விற்கிறதுக்குத்தான் தம்பி. திராட்சை நட்டால் ஒழுங்கான காய்ப்புக்கு மூன்று வருசம் ஆகும். பிழிந்து, ஊறல் போட்டு, பேரலில் வைத்து, பாட்டிலில் அடைத்து, காசு கைக்கு வர இன்னும் சில வருசம். அதுவரை வட்டி கட்டுவது யார்? சாமந்துக்குக் கையில் குடும்ப நிலம் இருந்தது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் 1988-இல் ஒயின் தோட்டம் ஆரம்பித்த கன்வல் குரோவர் ஏற்கெனவே பெரிய வியாபாரி. பிரான்ஸிலிருந்து ஜார்ஜ் வெசல் என்ற ஷாம்பெய்ன்காரரையே (நுரை பொங்குகிற ஒயின் அது) வரவழைத்து யோசனை கேட்க முடிந்தது அவரால். ஆசை எல்லோருக்கும்தான் இருக்கிறது. காத்திருக்க வசதி இருந்தவன் ஆசைதான் பிறகு கதையாகிறது.

உங்கள் அப்பிச்சிக்கு அந்த வசதி இல்லை, பழம் மூன்றாம் நாள் அழுகிவிடும், வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போத்தனூர்ப் பேத்தி:

கணக்குப்பிள்ளை அண்ணா, காசே இல்லாமல் ஒயின் போட்ட ஒரு ஆளை எனக்குத் தெரியும். எங்கள் நானா, அதாவது அம்மாவின் அம்மா. போத்தனூர் ரயில்வே காலனிக்காரி. தாத்தா ரயில்வேயில் கார்டு, சீக்கிரமே போய்விட்டார். அக்டோபர் கடைசியில் நானா மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வருவாள். காம்பு கிள்ளி, கழுவி, சொட்டு ஈரமில்லாமல் வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைப்பாள். ஊறுகாய்ப் பரணி ஒன்று இதற்கென்றே தனி, அதில் புளிக்காரியம் எதுவும் போடக் கூடாது. மத்தால் மசித்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, வாயில் துணி கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். தினம் காலையில் சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். அந்த அறைக்குள் நுழைந்தால் உடனே தெரியும், பரணி உள்ளே மூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர். அவ்வளவுதான்.

கைம்பெண் என்றதும் இன்னொருத்தி ஞாபகம் வருகிறாள். பிரான்ஸில் ரான்ஸ் ஊரில் பார்ப்-நிக்கோல் பொன்சர்தான் என்று ஒரு அம்மா. 1805-இல் புருசன் இறந்தபோது வயது 27, கையில் சின்னப் பெண் குழந்தை. அந்தக் காலத்து பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணமான பெண் புருசன் சம்மதமில்லாமல் தொழில் நடத்த முடியாது. கைம்பெண் நடத்தலாம்! மாமனாரிடம் கேட்டு வியாபாரத்தைக் கையில் எடுத்தாள். ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் ஈஸ்ட் கசடு தங்கி ஒயின் கலங்கலாக இருக்கும், அது அன்றைக்குப் பெரிய தலைவலி. இவள் ஆட்கள் மேசையில் ஓட்டை போட்டு, பாட்டிலைத் தலைகீழாகச் சொருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கசடைக் கழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் சேர்ந்ததை மட்டும் தள்ளிவிட்டால் ஒயின் தெளிந்துவிடும். நெப்போலியன் சண்டை ஓயும் சமயம் பார்த்து, 1814-இல் மற்றவர்களுக்கு முன்னால் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏற்றியவளும் இவளே. வ்வ் கிளிக்கோ என்று இன்றும் விற்கிறதே, அதற்கு அர்த்தம் 'கைம்பெண் கிளிக்கோ'. நம் ஊரில் கடைக்கு இப்படிப் பெயர் வைத்தால் யாராவது படியேறுவார்களா?

மட்டுறுத்துநர்:

நல்ல இழை. ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் போடுவது எப்படி என்று அளவு, செய்முறை கேட்டு இங்கே எழுத வேண்டாம். பாட்டி நினைவுகளுக்குத் தடையில்லை.

காங்கயம் பங்காளி:

என் பெயருக்கு ஏற்ற கதை ஒன்று இருக்கிறது.

செசரே மொண்டாவி என்பவர் இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர். 1943-இல் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் சார்லஸ் க்ரூக் என்ற பழைய ஒயின் ஆலையை வாங்கினார். பையன்கள் இரண்டு பேர். மூத்தவன் ராபர்ட் ஊர் சுற்றி விற்பவன், வாய் நீளம். சின்னவன் பீட்டர் உள்ளேயே இருந்து ஒயின் போடுபவன், சிக்கனக்காரன். 1959-இல் அப்பா போனார். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1965-இல் குடும்ப விசேஷம் ஒன்றில், ராபர்ட் தன் சம்சாரத்துக்கு வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த மிங்க் ரோமக் கோட்டை வைத்துப் பேச்சு ஆரம்பித்தது. கம்பெனிப் பணத்தை எடுத்துத்தானே வாங்கினாய் என்று தம்பி கேட்க, அண்ணன் கை நீட்டிவிட்டான். ஐம்பது வயது தாண்டியவர்கள், சட்டையைப் பிடித்துக்கொண்டு! அம்மா ரோசா சின்னவன் பக்கம் நின்றாள். ராபர்ட்டை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் 52 வயதில் கடன் வாங்கிப் பக்கத்திலேயே ஓக்வில்லில் 1966-இல் தன் பெயரில் புது ஆலை கட்டினார். அதுதான் பின்னால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. கேஸ் கோர்ட்டுக்குப் போய் 1976-இல் ராபர்ட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

இதில் எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம்தான். ராபர்ட்டின் பையன்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 2004-இல் கம்பெனியே நூறு கோடி டாலருக்கு மேல் விலை பேசி வெளியாள் கைக்குப் போய்விட்டது. அடுத்த வருசம், தொண்ணூறை எட்டிய அண்ணனும் தம்பியும் சேர்ந்து, இரண்டு பேர் தோட்டத்துப் பழத்தையும் கலந்து, ஒரே ஒரு பேரல் ஒயின் போட்டார்கள். நாற்பது வருசம் கழித்து. தர்ம ஏலத்தில் அது 4,01,000 டாலருக்குப் போனது.

எங்கள் அப்பாரும் அவர் தம்பியும் கிணற்றுத் தண்ணிக்கு முறை வைத்ததில் பேச்சு நின்றுபோனவர்கள். கடைசி வரை ஒரு பேரல்கூடப் போடவில்லை. சின்ன அப்பாரு சாவுக்கு எங்கள் அப்பாரு மண்டபத்து வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

கணக்குப்பிள்ளை_63:

பங்காளி, பாகப்பிரிவினை என்றால் பிரான்ஸில் ஒயினுக்குப் பேர் போன பர்கண்டிப் பகுதியைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் நிலத்தைப் பறித்து விற்றார்கள். அதற்குப் பிறகு நெப்போலியன் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. க்ளோ டு வூஜோ என்ற தோட்டம், சிஸ்டர்சியன் துறவிகள் மதில் கட்டிக் காத்தது. மொத்தமே சுமார் 50 ஹெக்டேர், நம் கணக்கில் 125 ஏக்கர். இன்றைக்கு அதற்கு 80 பேர் அளவுக்குச் சொந்தக்காரர்கள். சிலருக்குச் சில வரிசைச் செடிதான். ஒரே மதில், ஒரே பெயர், ஆனால் மேட்டு நிலத்துக்காரன் ஒயினுக்கும் ரோட்டோரத் தாழ்வு நிலத்துக்காரன் ஒயினுக்கும் விலை வேறு.

நம் ஊரில் இரண்டரை ஏக்கரை மூன்றாகப் பிரித்தால் மனையாகப் போடத்தான் தோன்றும். அங்கே அரை ஏக்கரிலும் பிழைக்க முடிகிறது என்றால், அந்த அரை ஏக்கருக்குத் தனிப்பெயரும் அதற்கேற்ற விலையும் இருப்பதால்தான். பன்னீர் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பழத்துக்கு என்ன பெயர்?

நொய்யல் வேணி:

"பிள்ளைகள் எல்லோருக்கும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் 1804-லேயே அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். வந்தும் என்ன? என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் ஒன்றை நீட்டுவார்கள். பொறந்தவன் உறவு வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பத்திர ஆபீசுக்குப் போகிற வழியில் நல்ல ஓட்டலில் டிபன் வாங்கித் தருவார்கள்.

செம்மேட்டான், அந்த இரண்டரை ஏக்கர் அம்மாவைப் பெற்றவருடையதுதானே? உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டாங்களா?

செம்மேட்டான்:

போட்டாங்க. எதற்கு என்று நான் இதுவரை கேட்டதில்லை. இன்றைக்கு ராத்திரி கேட்கிறேன்.

ஒத்தப்பனை:

மன்னிக்கணும், எனக்கு இந்த இழையே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. திராட்சை ஊறல் என்றால் பாரம்பரியம், குடும்பக் கதை. பனையிலும் தென்னையிலும் இறக்கினால் கேஸ். 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. எங்கள் மாமன் ஒருத்தர் மரமேறி. எந்த மரத்துக் கள் இனிக்கும், எது கரிக்கும், எந்த மரம் ஐப்பசிக்குப் பிறகுதான் வாய் திறக்கும் என்று ஒவ்வொரு மரமாகச் சொல்லுவார். கணக்குப்பிள்ளை சொல்லுகிற மேட்டு நிலம், தாழ்ந்த நிலம் வித்தியாசம் அவருக்கு நாக்கிலேயே இருந்தது. அவர் பெயரை எந்தப் பாட்டிலில் ஒட்டினார்கள்?

கணக்குப்பிள்ளை_63:

ஒத்தப்பனை, கோபம் நியாயம்தான். ஆனால் குடி ஒழிப்பும் இந்த மண்ணில் முளைத்ததுதான். ஈரோட்டுப் பெரியார் காங்கிரசில் இருந்தபோது, கள்ளுக்கு மரம் விடக் கூடாது என்று தன் தோப்பில் 500 தென்னையை வெட்டிச் சாய்த்தார். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததும் 1937-இல் ராஜாஜி காலத்தில் சேலம் ஜில்லாவில்தான். குடியால் கெட்ட குடும்பங்களின் கதையும் இருக்கிறது, அதையும் யாரும் பாட்டிலில் ஒட்டுவதில்லை.

ஒத்தப்பனை:

அது சரி. அந்தக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. விடுங்க.

வேளாண்_பழசு:

வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு முப்பது வருசம் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவன். அப்பிச்சி கத்தியை முக்கிப் பார்த்த விசயத்துக்கு வருகிறேன், அதற்குப் பின்னாலேயே ஒரு ஒயின்காரன் கதை இருக்கிறது.

அந்த நீல மருந்துக்குப் பெயர் போர்டோ கலவை. ஒயினுக்குப் பேர் போன அதே பிரான்ஸ் போர்டோதான். 1870-களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் அங்கே வந்து இறங்கியது. இலை உதிர்ந்து தோட்டம் தோட்டமாகப் போகிறது. போர்டோவிலேயே மெடாக் பக்கம் ரோட்டோரத் தோட்டக்காரர்களுக்கு அது போதாதென்று இன்னொரு தொந்தரவு, போகிறவன் வருகிறவன் எல்லாம் கைநீட்டிப் பழம் பறிப்பான். அவர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ரோட்டோர வரிசைகளில் மட்டும் தெளித்துவிட்டார்கள். பார்க்க விசம் மாதிரி இருக்குமில்லையா? 1882-இல் அந்த வழியாகப் போன மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர், நீலம் பட்ட வரிசையில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கவனித்தார். பரிசோதனை செய்து 1885-இல் வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து தெளித்ததுதான் ஐரோப்பாவின் திராட்சையைக் காப்பாற்றியது. அதுவே நரசீபுரம் வரை வந்து உங்கள் அப்பிச்சி காது மடலில் ஒட்டியது.

மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர், இது ஒரு சதக் கலவை. சுண்ணாம்பு குறைந்தால் கரைந்து நிற்கிற செம்பு இலையைக் கருக்கிவிடும். அதே செம்புதான் இரும்பில் வந்து படிகிறது. ஆக அந்தக் கத்தி சரியான சோதனை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பன்னீரில் ஏன் இங்கே பெரிய ஒயின் வரவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரான்ஸில் வாந்து மலையடிவாரத்தில் இதே பழத்துக்குத் தனிச் சான்று உண்டு, அதுவும் சாப்பிடுகிற பழமாகத்தான். இன்னொன்று குளிர். மேல்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலை கொட்டித் தூங்கும். நம்மிடம் தூங்குவதே இல்லை, கவாத்து வெட்டித்தான் எழுப்ப வேண்டும். நாசிக்கிலும் இரண்டு கவாத்துதான், ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. ஆனால் அறுவடை ஒன்றுதான், பிப்ரவரி வாக்கில். பழம் முற்றுகிற சமயம் ராத்திரி நல்ல குளிர் இருக்கும், புளிப்பு போகாது. நாம் வருசத்துக்கு இரண்டு வெள்ளாமை எடுத்தோம். ராத்திரிச் சூட்டில் புளிப்பு இறங்கிவிடும். சந்தைக்கு இனிப்பு போதும், ஒயினுக்குப் புளிப்பும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லணும். கோவையின் மேற்கில் பந்தல் குறைந்ததற்குப் பழியை முழுக்க வியாபாரி மேல் போட முடியாது. நோய், மருந்துச் செலவு, கவாத்துக்கு ஆள் கிடைக்காதது, மலையோரத்தில் யானை. பாக்கும் தென்னையும் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று மாறினார்கள்.

காங்கயம் பங்காளி:

திருடனுக்கு அடித்த மருந்தா! இத்தனை வருசம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியிருக்கிறேன், இது தெரியாது.

திருப்பூர் ரிட்டர்ன்:

நான் துபாயில் பன்னிரண்டு வருசம் இருந்தவன். கூட வேலை பார்த்த லெபனான்காரர் ஒருத்தர் அடிக்கடி சொன்ன கதை. ஷாத்தோ மூசார் என்று ஒரு ஒயின், செர்ஜ் ஹோஷர் என்பவர் போட்டது. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் பெக்கா சமவெளியில், ஆலை இந்தப் பக்கம் பெய்ரூத்துக்கு வடக்கே. 1975-லிருந்து 15 வருசம் உள்நாட்டுச் சண்டை. பழத்தை லாரியில் ஏற்றினால் ஒவ்வொரு சோதனைச்சாவடியாகக் கெஞ்சி, குண்டு விழாத நேரம் பார்த்து மலையைத் தாண்டணும். அத்தனை வருசமும் ஆள் ஊரை விட்டுப் போகவில்லை. 1976-இல் மட்டும் ஒயினே போட முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு நாள் கரண்ட் போனாலே சாயப்பட்டறைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது!

க்ரோவேஷியாக்காரர் மைக் கர்கிச் கதையும் இதே மாதிரிதான். ஒயின் போடுகிற குடும்பத்தில் பதினொன்றாவது பிள்ளை. கம்யூனிச ஆட்சியிலிருந்து வெளியேறியபோது செருப்படித் தோலுக்குள் 32 டாலரைத் தைத்துக்கொண்டு கிளம்பியதாகச் சொல்லுவார். நாபா போய்ச் சேர்ந்து, அங்கே அவர் போட்ட 1973 ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் 1976-இல் பாரீஸில் நடந்த ருசிப்போட்டியில் பிரெஞ்சு ஒயின்களையே முந்தியது. தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள், லேபிளை மறைத்து ஊற்றியிருந்தார்கள். 2023-இல் நூறு வயதில் காலமானார்.

போத்தனூர்ப் பேத்தி:

லேபிளை மறைத்தால்தான் ஜெயிக்க முடிந்தது, பாருங்கள். ஒத்தப்பனை அண்ணா மாமன் கள்ளையும் இப்படி மறைத்து ஊற்றிப் பார்க்கணும்.

ஒத்தப்பனை:

பேத்தி, உங்கள் நானா பரணிக்கும் எங்கள் மாமன் பானைக்கும் போட்டி வைத்தால் நான் நடுவராக வருகிறேன். இரண்டையும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் தீர்ப்பு.

செம்மேட்டான்:

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இவ்வளவு நாளாக அப்பிச்சி தோட்டம் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். முதலில் கொடி வைக்கணும் என்று சொன்னது அம்மிச்சியாம், அம்மாவின் அம்மா. ஆலாந்துறைப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்திலிருந்து போத்துக் குச்சி வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். கல்தூண் வாங்க அவள் கழுத்துக் காசுமாலை போனது, திரும்பி வரவில்லை. அம்மாவும் சித்தியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தளிர்க் கொடியைக் கம்பியில் வாழைநாரால் கட்டுவார்கள். இறுக்கிக் கட்டினால் கொடி பருத்து நார் வெட்டிவிடும், தொளதொளவென்று விட்டால் காற்றில் ஒடியும். விரல் நுழைகிற அளவுக்கு இடம் விடணும் என்று அம்மா என் சுண்டுவிரலைப் பிடித்துக் காட்டினாள். அறுபத்தி நான்கு வயது, அந்த முடிச்சை முந்தானையில் இன்னும் போடுகிறாள்.

வேணி அக்கா, கையெழுத்து விசயம். பத்திரத்தைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய வருத்தமில்லை, அல்லது என்னிடம் சொல்லவில்லை. டிபன் சரியாகச் சொன்னீர்கள், ரவா ரோஸ்ட்டாம். ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். மோட்டார் ரூமை ஒட்டிய ஒரு கொடியை மட்டும் வெட்டக் கூடாது என்று மாமனிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அது இன்னும் இருக்கிறதாம். பாகல் பந்தலுக்கு நடுவில் ஒரே ஒரு திராட்சை.

அப்புறம் இன்னொன்று. மோட்டார் ரூம் உள்சுவரில் அப்பிச்சி கவாத்து வெட்டிய தேதியையெல்லாம் மயில்துத்தத் தண்ணியைத் தொட்டு எழுதி வைப்பாராம். வருசத்துக்கு இரண்டு தேதி, பக்கத்தில் மழை உண்டா இல்லையா, எத்தனை பெட்டி போனது. அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. சின்ன வயதில் அந்த ரூமுக்குள் எத்தனையோ தடவை ஒளிந்து விளையாடியிருக்கிறேன், சுவரில் என்னவோ பச்சையாகக் கறை என்றுதான் நினைத்தேன்.

வேளாண்_பழசு:

தம்பி, அது சாதாரண விசயமில்லை. எத்தனை வருசத்துக் கணக்கு இருக்கும்?

செம்மேட்டான்:

பந்தல் போட்டதிலிருந்து பிரிக்கும் வரை என்கிறாள் அம்மா. இருபத்தைந்து வருசமாவது இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அப்போது படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

நொய்யல் வேணி:

பொங்கலுக்கா? உங்கள் மாமன் வீட்டில் பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிக்க மாட்டார்களா?

செம்மேட்டான்:

ஐயையோ. மாமனுக்கு இப்போதே போன் போடுகிறேன்.